நாலாவது கோல்

நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் ஸ்டெனி என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. கோல்கீப்பரான 'கோலி' ஸ்டெனி என்றால் ஒருவன்தான். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். கடற்கரை மணலில் விழுந்து பழகியதால் எந்தத் தரையிலும் யோசிக்காமல் பாய்வான். கல்லூரி அணி, மாவட்ட அணி, சென்னையில் ஒரு கம்பெனி அணி என்று அவனுடைய இருபதுகள் முழுவதும் கோல்கம்பத்துக்கு நடுவிலேயே போயின. எங்கும் நிலையாக ஓரிடம் கிடைக்கவில்லை. இருபத்தொன்பதாவது வயதில்தான், மங்களூரில் புதிதாகத் தொடங்கிய 'மங்களூர் மரைன்ஸ்' என்ற தொழில்முறைக் கால்பந்து அணியில் இரண்டாவது கோலியாக அவனை எடுத்தார்கள்.

அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி பெமிலா நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். "ரெண்டாவது கோலின்னா வெளியில இருந்து பந்துகளி பாக்கதுக்கா?" என்று கேலி செய்துதான் அவனை ரயிலேற்றிவிட்டாள். ஆனால் சீசன் தொடங்கும் முன்பே முதல் கோலிக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஸ்டெனி உள்ளே வந்தான்.

முதல் ஆட்டத்தன்று ஊரில் கொண்டாட்டம். அவனுடைய அண்ணன் ததேயுஸ் கடலுக்குப் போகாமல், எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துவந்து சமூகக் கூடத்தின் சுவரில் படம் காட்டினார். வெடியும் வாங்கி வைத்திருந்தார். மங்களூர் ஒரு கோலில் தோற்றது. ஸ்டெனி நன்றாகப் பிடித்தான் என்று சொல்லி வெடியைப் போட்டுத் தீர்த்தார்கள்.

இரண்டாவது ஆட்டமும் தோல்வி. மூன்றாவதும். ஆறாவது ஆட்டத்துக்குப் புரொஜெக்டரை யாரும் கேட்கவில்லை. ததேயுஸ் தன் போனில் தனியாகப் பார்த்தார்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் முதலில் நின்றுபோவது பேச்சு. ஆரம்பத்தில் பஸ்ஸில் சண்டை இருந்தது. யார் ஆளை விட்டது, யார் ஓடவில்லை என்று கத்திக்கொண்டார்கள். பிறகு சண்டையும் போயிற்று. எல்லோரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். பயிற்சியாளரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் வாரம் ஒரு ஆட்டக்காரரை மாற்றினார். கோலியை மாற்ற மட்டும் அவரிடம் ஆளில்லை.

ஸ்டெனியின் அறையில் கூட இருந்தவன் ரதீஷ். குழித்துறைக்காரன், தற்காப்பு ஆட்டக்காரன். ஊர்ப்பேச்சு பேச ஓர் ஆள் இருந்ததே ஸ்டெனிக்குப் பெரிய ஆறுதல். மழையில் நடந்த ஒரு ஆட்டத்தில் ஸ்டெனி தன் வாழ்நாளில் பிடித்திராத பந்தையெல்லாம் பிடித்தான். பெனால்டி ஒன்றையும் தடுத்தான். கடைசி நிமிடம்வரை கோலில்லை. சமனாக முடிந்தால்கூட சீசனின் முதல் புள்ளி. அப்போது ரதீஷ் அவனுக்குத் திருப்பித் தட்டிய பந்து பாதி வழியில் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து உள்ளே தள்ளினான்.

அன்று ரதீஷ் குளியலறையை விட்டு வெளியே வர வெகுநேரம் ஆனது. ஸ்டெனி கதவுக்கு வெளியே நின்று, "வா மக்கா, பஸ் நிக்குது," என்று மட்டும் சொன்னான்.

ஜனவரியில் ரதீஷை வேறொரு அணி கேட்டது. அவன் பெட்டியைக் கட்டினான்.

"நான் போறேன் ஸ்டெனி. இங்க கெடந்தா எனக்கு களியே மறந்துபோவும்."

"போ மக்கா. ரெண்டுபேரும் சேந்து கெடந்து நாறாண்டாம்."

அதற்குப் பிறகுதான் கைதட்டல் தொடங்கியது. மங்களூரில், அணியின் சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்கள். மெதுவாக உருண்டு வரும் பந்தை ஸ்டெனி குனிந்து எடுத்தால் கூட்டம் முழுக்க எழுந்து நின்று ஆரவாரம் செய்யும். முதல்முறை அவனுக்குப் புரியவில்லை. நன்றி சொல்வதுபோல் கையை உயர்த்தினான். சிரிப்பு இன்னும் பெரிதானது.

பெமிலா தினமும் கூப்பிட்டாள்.

"ஒழுங்கா உறங்குதியளா?"

"உறங்குதேன்."

"குரலைக் கேட்டா அப்பிடித் தெரியல்லியே."

ஒருநாள் அவனே சொன்னான். "அவனுவ அடிக்கதுக்கு முன்னாலயே பந்து உள்ள கெடக்கது மாதிரி எனக்குத் தெரியுது பெமி. நான் திரும்பி எடுக்கப் போயிருவேன் போல இருக்கு."

"லீவு சொல்லிட்டு இங்க வாங்க."

"கோலிக்கு ஏது லீவு?"

கடைசி ஆட்டத்தில் வென்றால் அணி அதே டிவிஷனில் நிற்கும், இல்லையென்றால் கீழே இறங்கும் என்ற நிலை. பிறகு எப்படியோ கிடைத்த இரண்டு மூன்று சமன்களாலும், மற்ற அணிகளும் மோசமாக ஆடியதாலும் வந்த ஒரு நூலிழை வாய்ப்பு. ததேயுஸ் யாரிடமும் சொல்லாமல் மங்களூருக்கு ரயிலேறினார். தம்பி ஆடுவதை நேரில் பார்த்து வருடங்களாகியிருந்தன.

ஒருமணி நேரத்துக்குள் மூன்று கோல் விழுந்தது. மூன்றுக்கும் ஸ்டெனி பாய்ந்தான். மூன்றும் யாரும் பிடித்திருக்க முடியாதவை. நாலாவது அப்படியல்ல. தூரத்திலிருந்து ஒருவன் சும்மா அடித்துப்பார்த்த பந்து. அவனுக்கு இடப்பக்கம், இடுப்புயரத்தில் வந்தது. ஸ்டெனி அதைப் பார்த்தான். கைகள் பாதி உயர்ந்தன. கால் தரையை விட்டு எழவில்லை. பந்து அவனைக் கடந்து வலையில் மெதுவாகப் போய் விழுந்தது. இந்த முறை யாரும் சிரிக்கக்கூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் மைதான வாசலில் ததேயுஸ் நின்றுகொண்டிருந்தார். இருவரும் பஸ் நின்ற பக்கமாக நடந்தார்கள்.

"லே, நாலாவது கோலுக்கு நீ சாடல்ல."

"ஆமாண்ணே."

"கால்ல வல்லதும் பட்டுதா?"

"இல்ல."

"பின்ன?"

"தெரியல்ல. கால் வரல்ல."

ததேயுஸ் நின்றுவிட்டார். "நீ சாடி விட்டிருந்தா ஊர்ல எவன் பேசினாலும் நான் சொல்லியிருப்பேன், எனக்க தம்பி சாடினாம்லேன்னு. இப்பம் நான் என்னத்தச் சொல்லட்டு?"

"ஒண்ணும் சொல்லாண்டாம்."

அந்த நாலாவது கோல் போன்களில் சுற்றியது. யாரோ அதற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். ஊரில் ஒருவன் அதைக் கடற்கரையில் சத்தமாக ஓடவிட்டபோது, ததேயுஸ் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வலையை எடுக்கப் போனார். பங்குத்தந்தைவரை போய்த்தான் அது அடங்கியது. மங்களூரில் முதலாளி அணியையே கலைத்துவிட்டார்.

ஸ்டெனி ஊருக்கு வந்து மீன் வண்டி ஓட்டினான். காலையில் ஐஸ்பெட்டிகளை ஏற்றிக் குழித்துறைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவான். பெமிலா தன் மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவரிடம் அவனைக் கூட்டிப்போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். மறுமுறை போகவில்லை.

சில மாதங்கள் கழித்து, சந்தையில் வைத்து ரதீஷ் அவனைப் பிடித்தான். விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுடைய அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு ஒரு கோலி வேணும். நான் உனக்க பேரச் சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வந்து பந்து பிடிச்சுக் காட்டினா போதும். வாறியா?"

ஸ்டெனி வீட்டில் சொன்னதும் பெமிலா அழுதாள். சந்தோஷத்தில்தான். ததேயுஸ் ஒரு பந்தோடு வந்து தம்பியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். இரண்டு துடுப்புகளை மணலில் நட்டு, தூரத்திலிருந்து அடித்தார். ஸ்டெனி பாய்ந்தான். வலப்பக்கம், இடப்பக்கம், உயரத்தில், தாழ்வாக. எல்லாம் கைக்கு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ததேயுஸின் முகம் மலர்ந்தது.

"கொள்ளாம்லே! இன்னும் ஒண்ணு!"

அது பலமில்லாத அடி. இடுப்புயரத்தில் இடப்பக்கம் வந்தது. ஸ்டெனி நின்றான். பந்து அவனைத் தாண்டி உருண்டு அலைக்குள் போனது. ததேயுஸ் ஓடிப்போய் எடுத்துவந்து அதே இடத்துக்கு மறுபடி அடித்தார். மறுபடி அடித்தார். ஒவ்வொரு முறையும் ஸ்டெனியின் கால் எழவில்லை. பிறகு ததேயுஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"விடு மக்கா. வா, வீட்டுக்குப் போவோம்," என்றார் தம்பியிடம்.

அன்று மத்தியானமே ஸ்டெனி ரதீஷைப் போனில் கூப்பிட்டான்.

"வேற ஆளப் பாத்துக்கோ."

"என்னத்துக்குலே? உனக்கு என்ன ஆச்சு?"

ஸ்டெனி போனைக் காதிலிருந்து எடுத்தான். பக்கத்தில் நின்ற பெமிலா போனை வாங்கி, "அவியளுக்கு முடியல்ல அண்ணே," என்று சொல்லி வைத்தாள்.

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். பாதி சாப்பிட்டுக் கைகழுவினான். சாயங்காலம் ஐஸ் எடுக்கப் போக வேண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.