பதினாலரை மில்லிமீட்டர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை புளிப்புச் செர்ரிக்குக் கொட்டை எடுத்தது. கொண்டை ஊசியின் வளைவைப் பழத்துக்குள் விட்டு ஒரு சுண்டு சுண்டினால் கொட்டை தெறித்துக் கிண்ணத்தில் விழும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் அதைத்தான் செய்தார்கள். இருவர் விரல்களும் சிவந்துவிட்டன. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த ரேஷன் சர்க்கரையை லியோன்ஹார்ட் ஸ்டெக்மான் பாத்திரத்தில் அப்படியே கவிழ்த்தார்.

"எடை போடலையாப்பா?"

"எதுக்கு? கண்ணுக்குத் தெரியாதா?"

அஃப்ரா கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எதையும் கண்ணால் அளந்து அவள் பார்த்ததில்லை. மறுநாள் முற்பகல் தொழிற்சாலையில் வரைபட மேசை மீதே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். வேறென்ன சொல்வார்.

ஆக்ஸ்பர்க் நகரத்தில் அந்தத் தொழிற்சாலையைத் தவிர ஸ்டெக்மானுக்கு வேறு உலகம் கிடையாது. கடைசல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். கணக்கு நன்றாக வந்ததால் வடிவமைப்புப் பிரிவுக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அந்தப் பாகத்தின் எடை இருக்கும். அத்தனையையும் கூட்டி முழு இயந்திரம் எவ்வளவு கனக்கும் என்று சொல்வது அவர் பொறுப்பு. கணக்கு மீறினால் ஒவ்வொரு மேசையாகப் போய் நிற்பார். இந்தத் தாங்கியில் அரைக் கிலோ குறையுங்கள், அந்த மூடியில் கால் கிலோ குறையுங்கள் என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தராசு. "தராசு வருது, தொப்பையை உள்ள இழுத்துக்கடா" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இராணுவம் ஒரு சிறிய டாங்கி கேட்டபோது, வெளியே தெரியக்கூடாதென்று அதற்கு உழவு டிராக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஸ்டெக்மான், உங்க டிராக்டருக்கு எதுக்கு பீரங்கி?" என்று பக்கத்து மேசையில் கேட்பார்கள்.

"காக்கா விரட்டத்தான்."

பாலங்கள் தாங்க வேண்டும் என்பதால் மொத்த எடை பத்து டன்னுக்குள் அடங்க வேண்டும். நூற்று நாற்பது குதிரைத்திறன் எஞ்சின். பக்கத்துக்கு ஐந்து சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங் பட்டை. உள்ளே மூன்று பேர்: முன்னால் ஓட்டுநர், அவர் முதுகுக்குப் பின்னால் வானொலிக்காரர், மேலே சுழல்கூண்டில் தளபதி. இருபது மில்லிமீட்டர் வாய் கொண்ட சிறிய பீரங்கியைத் தளபதியே சுட வேண்டும். இதையெல்லாம் ஏற்றிய பிறகு கவசத்துக்கு மிஞ்சிய எடையில் பதினாலரை மில்லிமீட்டர் தகடுதான் போட முடிந்தது. துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கும். அதற்கு மேல் எதையும் தடுக்காது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். பெரிய டாங்கிகள் வரும்வரை ஆட்களைப் பழக்குவதற்கான வண்டி என்றார்கள். பெரியவை வந்து சேருவதற்குள் போர் வந்துவிட்டது.

அஃப்ரா அதே தொழிற்சாலையின் எஃகுச் சோதனைக்கூடத்தில் இருந்தாள். தகட்டிலிருந்து துண்டு வெட்டி, பளபளப்பாகத் தேய்த்து, அமிலத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். தகட்டில் ஒரு குறையும் அவளுக்குத் தென்பட்டதில்லை. நல்ல எஃகு. மெல்லியது, அவ்வளவுதான்.

தம்பி குவிரினைப் படையில் சேர்த்து அதே டாங்கியில் வானொலிக்காரனாகப் போட்டார்கள். போலந்துப் போர் முடிந்த கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வந்தான்.

"அப்பா, உங்க டிராக்டர்ல உக்காந்தா முட்டி காதுல இடிக்குது. எடை பாத்த நீங்க என் காலையும் ஒருதரம் அளந்திருக்கக் கூடாதா?"

"உன் காலு இவ்ளோ வளரும்னு யாருக்குடா தெரியும்?"

"வளத்தது நீங்கதானே!" சிரித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். "போலந்துல நம்ம வண்டிங்க பிஸ்கட் மாதிரி ஓட்டை ஓட்டையா கெடந்துச்சு. முன்னாடி இன்னொரு தகடு வரப்போகுதாமே. நிஜமா?"

"வரும்."

"நாங்க அடுத்து கெளம்புறதுக்கு முன்னாடி வருமா?"

"வேலை நடக்குது. சாப்பிடு."

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. முகப்பில் போல்ட் போட்டு மாட்ட இருபது மில்லிமீட்டர் கூடுதல் தகடு. வரைபடங்கள் தயாரான பிறகு ஸ்டெக்மான் எடையைக் கூட்டினார். முன் ஸ்பிரிங் பட்டைகளுக்கு அனுமதித்த சுமையைக் கணக்கு தாண்டியது. பிரிவுத் தலைவர் எண்டர்லே அவருடைய கையெழுத்துக்குக் காத்திருந்தார்.

"கிட்டத்தட்ட ஒரு எடை எழுதிப் போடுங்க ஸ்டெக்மான். பட்டாளம் உசுரை வாங்குது."

"கிட்டத்தட்டன்னு ஒரு எடை கெடையாது."

"உங்க பையனே அதுலதான் இருக்கான்னு சொன்னாங்க."

"அதனாலதான் சொல்றேன். வண்டியக் கொண்டாங்க, நிறுத்துப் பாப்போம்."

அன்று மாலை வீட்டில் அவர் அஃப்ராவிடம் காரணம் சொன்னார். "ஸ்பிரிங் ஒடைஞ்சா வண்டி நின்னுடும். நின்ன வண்டிய சின்னப் புள்ளகூட அடிக்கும்மா." அவள் மறுக்கவில்லை. அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

வண்டி வரத் தாமதமானது. வந்தபோது எடைமேடை பனியில் உறைந்து கிடந்தது. எரிபொருள், குண்டுகள், ஆட்கள், ஆட்களின் குளிர்கோட்டு வரை ஏற்றி எடை பார்த்தார். மூன்று வாரம் போயிற்று. ஸ்பிரிங் தாங்கும் என்று முடிவு வந்தது. கணக்கைவிட மேடையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அளவுக்குத்தான் எடை குறைந்தது; வரம்புக்குள் வர அதுவே போதுமாக இருந்தது. ஸ்டெக்மான் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் முகம் தெளிவாக இருந்தது.

மே மாதம் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. ஜூன் முதல் வாரம் குவிரின் இறந்த செய்தி வந்தது.

அவனுடைய வண்டியை ஓட்டிய காஸ்பர் கைகள் கருகி ஆக்ஸ்பர்க் இராணுவ மருத்துவமனையில் கிடந்தான். செர்ரிக்கு முந்தின நாள் சனிக்கிழமை அப்பாவும் மகளும் அவனைப் பார்க்கப் போனார்கள். இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளைத் துணிக்குள் இருந்தன.

"தகடு வந்துச்சுங்க ஐயா," என்றான் காஸ்பர். "ரயில்ல பெட்டி பெட்டியா வந்துச்சு. பாதி வண்டிக்கு மாட்டியாச்சு. எங்களுக்கு அடுத்த வாரம்னாங்க. அதுக்குள்ள கெளம்பச் சொல்லிட்டாங்க."

ஸ்டெக்மான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க பட்டுச்சு?"

"நேரா முகப்புல. என் தோளை ஒரசிக்கிட்டுப் போய்..." பின்னால் உட்கார்ந்திருந்தவன் பெயரை அவன் சொல்லவில்லை.

"எவ்வளவு தூரத்துலேருந்து அடிச்சாங்க?"

"பீட்ரூட் வயலு. அந்தப் பக்கம் ஒரு புதர்வேலி. வேலிக்குள்ளேருந்துதான்."

"நூறு மீட்டரா, ஐந்நூறா?"

"அப்பா, விடுங்களேன்" என்று அஃப்ரா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்க்கா. கண்ணுல அப்படியே நிக்குது, வாயிலதான் வர மாட்டேங்குது. புதன்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க. வரைஞ்சு காட்டிடுறேன்."

"வர்றேன். பென்சில் கொண்டாரேன்."

"பீர் கொண்டாங்க ஐயா. பென்சிலு இங்கயே இருக்கு."

ஸ்டெக்மானும் சிரிக்கப் பார்த்தார்.

டிராம் நிறுத்தத்தில் நின்றபோது அவராகப் பேசினார். "பக்கத்துலேருந்து அடிச்சிருந்தா ரெண்டு தகட்டையும் சேத்துத் தொளைச்சிருக்கும். எது இருந்தாலும் ஒண்ணுதான். தூரத்துலேருந்துன்னா புதுத் தகட்டுல நின்னிருக்கும். அப்போ அந்த மூணு வாரம்..."

டிராம் வந்தது. இருவரும் ஏறினார்கள். எந்தப் பதில் வந்தால் அவருக்குத் தாங்கும் என்று அஃப்ரா யோசித்துப் பார்த்தாள். பக்கம் என்றால் அவர் செய்த வேலை வீண். தூரம் என்றால் அவர் கையெழுத்துப் போடாத மூன்று வாரம் மகனைக் கொன்றது. மூன்றாவது பதில் கிடையாது. இருந்தாலும் அவருக்கு அந்த எண் வேண்டும். தெரியாமல் கூட்டலை முடிக்க அவருக்கு வராது.

புதன்கிழமை மருத்துவமனையில் காஸ்பருக்குக் கட்டுப் பிரித்தார்கள். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நான்கு. அந்த நேரத்தில் ஸ்டெக்மானைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அஃப்ரா பக்கத்தில் நின்றிருந்தாள்.

பிறகு ஒருநாள் டிராமில் பார்த்த செவிலி ஒருத்தி சொன்னாள்: அந்த ஓட்டுநர் பையன் அன்று மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, நான்கு மணிக்கு மணியடித்த பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அந்தத் தாளில் எவ்வளவு தூரம் என்பது இருக்கும் என்று அஃப்ராவுக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமையும் அவள் போகவில்லை.