கைப்பிடியைத் திருகினால்

கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். விவசாயம், தொழில், மீதி என்று நாட்டை மூன்றாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது மீதியில். ஐம்பதுகளின் கடைசியில், தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாங்கள் எதையும் விளைவிக்கவில்லை, எதையும் செய்து விற்கவுமில்லை. ஒருவர் தன் வீட்டில் கைப்பிடியைத் திருகினால் இன்னொரு வீட்டில் மணி அடிக்க வைப்போம். அதற்கும் சம்பளம் கொடுத்தார்கள்.

பலகையில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்னத் தகர மூடி. அங்கே யாராவது திருகினால் இங்கே மூடி விழும். உடனே வயரைச் செருகி 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்க வேண்டும். 'ஹலோ' கூடாது, தமிழ் அறவே கூடாது. விதி அப்படி.

சீசன் முடிந்து குற்றாலத்தில் கடைகளெல்லாம் கீற்றுத் தட்டி சாத்திக் கிடந்த ஒரு மத்தியானம், ஐந்தருவிப் பாதையில் இருந்த பங்களாவின் மூடி விழுந்தது. சொந்தக்காரர் மதுரைக்குப் போய்விட்டார். பங்களாவில் இருந்தது காவல்காரனும் அவன் மனைவியும் மட்டும்.

"நம்பர் ப்ளீஸ்."

தண்ணீர் விழும் சத்தம். அதற்கு முன்னால், காதுக்கு மிக அருகில், ஒரு மூச்சு. நான் மறுபடி கேட்டதும் மூச்சு விலகிப் போயிற்று. ரிசீவர் சுவரில் இடித்து ஆடியது. பிறகு எங்கோ உள்ளிருந்து ஓர் இருமல்.

மறுநாளும் அப்படியே. தண்ணீர், மூச்சு, இருமல். இருமல் மட்டும் சிறுத்திருந்தது.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "ஈரம்லே. வயர் நனைஞ்சிருக்கும். காய்ஞ்சா சரியாப் போகும்" என்றார்.

வாசலில் நின்ற லைன்மேன் சிரித்தான். "ஈரத்துக்கு இருமல் வருமா அண்ணாச்சி? வந்தா அதுக்குக் கஷாயம்லா வைக்கணும்!"

சந்தாதாரர் புகார் தராமல் லைன்மேனை அனுப்ப விதியில்லை. சந்தாதாரர் மதுரையில் நலமாக இருந்தார். லைன் சோதனைக்கு ஒரு விதி இருந்தது. அதைக் காட்டி, என் வேலை முடிந்ததும் லைன்மேனோடு சைக்கிளில் போனேன்.

பங்களா கேட்டில் காவல்காரன் மனைவி மழையில் நனைந்து நின்றாள். எங்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"நேத்தே திருகுனேனே, இப்பத்தான் வாரீயளா?"

"திருகினியே, ஏன் பேசலை?" என்றேன்.

"ஐயா திருகுவாக, அரிசி வரும், காரு வரும், டாக்டர் வருவாக. நானும் திருகுனேன். அதுல ஒரு ஆளு இங்கிலீஷ்ல கேக்குதாரு. எனக்கு எங்கன தெரியும்? சரி, வந்துட்டு இருப்பாகன்னு கேட்டுல வந்து நின்னுக்கிட்டேன்."

அந்த ஆள் நான்தான் என்று சொல்லவில்லை. பின்வராந்தாவில் டெலிபோன். அதை ஒட்டிய அறையில் அவள் புருஷன் கிடந்தான். தொட்டால் சுட்டது. லைன்மேன் திருகி, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி சொன்னான்.

கார் உள்ளே திரும்பியதும் அவள் டெலிபோனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பாத்தீயளா, வருதுல்லா."

வழியில் மேலகரம் தாண்டும்போது அவள் புருஷன் இருமவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை.

அவள் பாவூர்சத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொந்தக்காரர் டெலிபோனே வேண்டாமென்று எழுதினார். லைன்மேன் கருவியைக் கழற்றி, வயரைக் கம்பத்திலிருந்தே வெட்டிச் சுருட்டிக் கொண்டுவந்தான். நான்தான் சரிபார்த்து வாங்கி வைத்தேன். பலகையில் அந்த மூடிக்குப் பின்னால் எதுவும் கிடையாது.

அடுத்த வருஷம் சாரல் சீசனில், ஒரு மத்தியானம், அந்த மூடி விழுந்தது.

சூப்பர்வைசர் தலையைத் தூக்காமல் "ஈரம்" என்றார். வெட்டிய லைனுக்கு விதி எதுவும் எழுதப்படவில்லை. வயரைச் செருகினேன். தண்ணீர் விழும் சத்தம். காதுக்கு அருகில் மூச்சு.

"சொல்லு தாயி," என்றேன் தமிழில். "என்ன வேணும்?"

மூச்சு இந்தத் தடவை விலகிப் போகாமல் நின்றது. உள்ளிருந்து இருமல் கேட்டது.