அக்காவுக்கு நான் அன்று படித்துக் காட்டாத கடிதம்

அக்காவின் குடும்பம் ஏரியில் வலை போடும் தன் முறையை இழந்ததற்குக் காரணம் நான். ஊர்ப் பஞ்சாயத்தின் முன் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை இல்லை என்று சொன்னேன். முதலாண்டு நினைவுநாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களிடம் இதை முதலில் சொல்லாமல், அக்காவின் நற்குணங்களை எழுத என் கை வராது.

பழவேற்காட்டுக்கு அருகே ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா எங்கள் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று எனக்குச் சோறு வடித்தார். அந்தச் சோற்றைத் தின்றுதான் நான் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் படித்தேன், அங்கேயே ஆசிரியரானேன்.

எங்கள் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஆதியிலிருந்து இங்கே வலை போட்ட தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு மட்டும் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நான் வாத்தியார் வேலைக்குப் போனதால், நைனாவின் பாடு முறையை அக்காவின் கணவர், எங்கள் மாமா, பார்த்துக்கொண்டார். ஊரும் ஒப்புக்கொண்டது.

எங்கள் வம்சத்தில் ஒரு பெண் டச்சுக்காரர் காலத்தில் கடல் தாண்டி வந்தவள் என்று வீட்டில் சொல்லுவார்கள். பெயர் தெரியாது. கப்பலம்மா என்போம். முறை வரும் நாளில், வலை இறங்குவதற்கு முன் அவளுக்கு ஒரு கை மஞ்சள் நீர் தெளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கமே எங்களுக்கு எதிராகத் திரும்பியது. பாடு உள்ளவர்களின் பட்டியலைத் திருத்தி எழுதிய வருடம் ஒருவர் எழுந்து, "கப்பல்ல வந்து எறங்குனவங்களுக்கு ஏரில ஏதுபா பாடு?" என்று கேட்டார். ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றது பஞ்சாயத்து.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை. சுண்ணாம்புக்குளம் வரை நடந்துபோய் வயதானவர்களை விசாரித்தார். டச்சுக் கல்லறைகளில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தார். அவற்றில் இருந்த ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. அங்கே படமெடுக்க வந்த வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து, நண்டுக் குழம்பு ஊற்றி, கப்பலம்மாவின் கதையை என்னைக் கொண்டு இங்கிலீஷில் சொல்லவைத்தார். "தேடிக் கொடுக்கச் சொல்லுடா. அவ பேராவது கெடைக்குமானு கேளு," என்றார் என்னிடம்.

சில மாதங்களில் என் பள்ளி முகவரிக்குக் கடிதம் வந்தது. டச்சுக் கோட்டையின் பழைய பதிவேட்டில் இருந்ததை அவர் இங்கிலீஷில் பெயர்த்திருந்தார். ஜாவாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ரொசீனா என்னும் பெண், விடுதலை பெற்று, இவ்வேரியில் தகப்பன் பாட்டன் காலமாய் வலை போடும் ஒருவனை மணந்தாள். அவளுடைய பிள்ளைகளும் அதே தொழில் செய்கிறார்கள். கூடவே அந்தக் கணவனின் பெயர். அது நைனாவின் பாட்டனாருக்கும் இருந்த பெயர். எங்கள் வீட்டில் வழிவழியாக வைப்பது.

எங்கள் உரிமையும் நான் வெட்கப்பட்டதும் ஒரே தாளில் இருந்தன. என் மகளுக்கு மீஞ்சூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். அடிமை வம்சம் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். கடிதத்தோடு நாங்கள் பஞ்சாயத்துக்குப் போன அன்று, எங்கள் ஊரிலேயே இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, படிங்க. இன்னா போட்டுக்கீது?" என்றார் ஊர்த் தலைவர்.

"இது நம்ம குடும்பத்தப் பத்தினது இல்ல. வேற யாரோ."

"நல்லாப் பார்றா," என்றார் அக்கா, பெண்கள் பக்கத்திலிருந்து.

"பாத்துட்டேன்கா."

அதை எழுதி என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, எங்கள் தலைக்கட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை சந்தேகிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நீ இன்னா பண்ணுவ, அவன் எழுதனது அப்படி. சாப்புடு," என்று தட்டு வைத்தார். நான் சாப்பிட்டேன்.

மாமா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். சில வருடங்களில் நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். வலையில்லாமல் கையால் இறால் பிடிக்கப் பாடு வேண்டாம் என்பதால், அதன் பிறகு அக்கா ஏரியில் இறங்கினார். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவினார். கெளுத்தி முள் குத்தி விரல்கள் வீங்கின. முன்பற்கள் போயின. "வாத்தியார் அக்கா வாயில பையக் கடிச்சிக்கினு வருது பாருடி," என்று சிலர் கேலி செய்தபோது, "பல்லு போனா இன்னா, வாயி இருக்குதே, வாங்கடி," என்று சிரித்தார். மகனை ஏரிப் பக்கம் விடவில்லை. அவன் மீஞ்சூரில் தொழிற்சாலை வேலைக்குப் போனான்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் மகள் பெட்டியைக் குடைந்து அதை எடுத்துப் படித்தாள். "என் கல்யாணத்துக்கா, நைனா, அத்தைய சேத்துல தள்ளுன?" என்றாள். அவள் மாமனார் வீட்டில் அதைச் சொன்னபோது, "அட, அப்படியா," என்றார்களாம். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் நான் அத்தனையும் செய்தேன்.

அக்கா அப்போது படுக்கையில் இருந்தார். கடிதத்தைத் தமிழில் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"அந்தப் பொம்பள பேரு இன்னா சொன்ன?"

"ரொசீனா."

"ரொசீனா." பல்லில்லாத வாயில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பாடு போனது போவட்டும்டா. அடிமையா வந்து கடல் தாண்டிப் பொழச்சவ. அவ பேருக்கு நீ வெக்கப்பட்டியா? சேத்துல கையவிட்டுக் கெடந்தேனே, எனக்கும் வெக்கப்பட்டியா?"

ஆமாம் என்பதுதான் பதில். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பின் இறக்கும்வரை என்னிடம் பேசவில்லை. அவர் என்னை மன்னித்தார் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டியவர்கள் அவருடன் இறால் தடவிய பெண்கள். அவர்களுக்கும், பொன்னேரிக்கு ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு போய்வந்த பக்கத்து வீட்டாருக்கும் இந்தக் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இந்த மலரில் எழுத எனக்கு இடம் கொடுத்த அக்கா மகனுக்கும் நன்றி. "எழுதுங்க மாமா. ஆனா நல்லது மட்டும் எழுதாதீங்க," என்றுதான் அவன் அனுமதித்தான்.

கருமாதி முடிந்ததும் கடிதத்தோடு பஞ்சாயத்துக்குப் போனேன். இளையவர் ஒருவர் பழைய நோட்டைப் பிரித்து என் கையெழுத்தைக் காட்டினார். "அன்னிக்கும் நீங்கதான் படிச்சீங்க, இன்னிக்கும் நீங்கதான் படிக்கிறீங்க. எந்த வாத்தியார நாங்க நம்பறது?" அந்தக் கையெழுத்துக்குக் கீழே, நான் பொய் சொன்னேன் என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டேன். இங்கிலீஷ் தெரிந்த வேறு இருவரை வைத்துக் கடிதத்தைப் படிக்கச் செய்தார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு எங்கள் தலைக்கட்டைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அக்கா மகனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வல எப்படி எறக்கணும்னு எனக்குத் தெரியாது மாமா. கத்துக்குடுக்க எங்கப்பன் இல்ல," என்றான்.

இந்த வருடம் சீட்டுப் போட்ட அன்று நான் போய்க் கடைசியில் நின்றேன். எங்கள் தலைக்கட்டின் பெயரை வாசித்தார்கள். யாரும் எழவில்லை. இன்னொரு முறை வாசித்தார்கள். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்கள்.