நரம்பு மாட்டிக்கொண்ட பூனை

மாடு உதைக்கப் போகிறதா என்பது அதன் காதைப் பார்த்தாலே எழிலனுக்குத் தெரிந்துவிடும். எருமை, கிடா, கன்று போட்ட பசு எதுவானாலும் கை தயங்காது. பூனையிடம்தான் கொஞ்சம் உதறல். அது எப்போது பிராண்டும் என்று அதற்கே தெரியாது என்பான்.

திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்த வீட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன்தான். அரசுப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தான். மனிதர்களுக்கு வைத்தியம் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு உடம்பு. இவனுக்கோ மாடு, குதிரை, ஆடு, பன்றி, நாய், கோழி என்று வரிசை கட்டி நின்றன. மாட்டுக்கு வயிறு நான்கு அறை, குதிரைக்கு ஒன்று, கோழிக்குப் பல்லே இல்லை. விடுதியில் துண்டுக்கடியில் எலும்பை ஒளித்து வைத்து, தொட்டுப் பார்த்தே எந்த மிருகம், இடதா வலதா என்று பந்தயம் கட்டுவார்கள். எழிலன் அதில் தோற்றது குறைவு.

தோள் வரை உறை மாட்டிப் பசுவுக்குள் கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கன்றை முதன்முதலாக விரல் நுனியால் கண்டுபிடித்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டான். பூரித்துப் போய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கைய நல்லா கழுவுனியாடா?"

ஐந்தரை வருஷம் முடிந்தது. கூடப் படித்தவர்கள் அண்ணா நகர், அடையாறு என்று போனபோது, எழிலன் வடசென்னையில் விம்கோ நகரில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் சின்னதாகக் கிளினிக் திறந்தான். திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உதவிக்கு அசோகன். திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்தவன், நாய் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

அசோகன் லீவு போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மங்கை வந்தாள். திருவொற்றியூர் குப்பத்துக்காரி, விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்கிறவள். மீன் கூடையின் மேல் பழைய வலையைப் போட்டுக் கட்டியிருந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடுவன் பூனை.

"பேரு என்னம்மா?"

"எம் பேரா, பூனை பேரா?"

"பூனை பேரு."

"சங்கரா. சங்கரா மீனு கலருல கீறான் பாரு, அதான். என் கடைல இவன்தான் சூப்பர்வைசரு. பேரம் பேசிகினே மீன எவனாச்சும் அமுக்கிப் பாத்தா, கை மேல ஒண்ணு வெப்பான்."

எழிலன் கையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டான். "என்ன பண்ணுது?"

"ரெண்டு நாளா துன்னமாட்றான். வாந்தியா எடுக்குறான். நரம்பு மாட்டிகினு கீது டாக்டரு, வேற ஒண்ணியும் இல்ல."

பூனை முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கை வைத்ததும் சீறியது. நரம்புப் பிடிப்புதான் என்று எழிலன் முடிவு கட்டிவிட்டான். அவன் ஊரில் நரம்பு மாட்டிக்கொண்டது என்றால் சுளுக்கு.

"எந்தப் பக்கம்மா மாட்டியிருக்கு? இடதா, வலதா?"

"எந்தப் பக்கம்னு எனக்கு எப்டி நைனா தெரியும்? உள்ள கீதுல்ல?"

நியாயமாகத்தான் பட்டது. நரம்பு உள்ளேதானே இருக்கும். வாயைத் திறந்து பார்க்கலாம் என்று ஒரு கணம் நினைத்தான். சங்கரா பல்லைக் காட்டினான். எழிலன் வாயை விட்டுவிட்டு, வாந்தி நிற்க ஒன்று, நரம்புக்குச் சத்தாக ஒன்று என இரண்டு ஊசி போட்டு அனுப்பினான்.

மறுநாள் காலை கடையைக்கூடப் போடாமல் மங்கை வந்து நின்றாள். கூடைக்குள் சங்கரா சீறவில்லை. தலையைத் தூக்கவே இல்லை.

"ஊசி போட்டியே, நரம்பு வெளிய வந்துச்சா? இன்னா வைத்தியம் இது?"

"நரம்பு எப்படிம்மா வெளிய வரும்?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அசோகன் துணியை அப்படியே விட்டான். "சார், எந்த நரம்புனு நெனச்சீங்க?"

"உடம்புல இருக்கற நரம்பு."

"ஐயோ சார்! அந்தம்மா சொல்றது தூண்டில் நரம்பு. மீன் பிடிக்கிற நைலான் நூலு. இங்க அத்த நரம்புனுதான் சொல்லுவோம்."

"எம் புள்ள தூண்டில்ல மீன் துண்டு சொருகி வெச்சிருந்தான்" என்றாள் மங்கை. "தூண்டி முள்ளு அங்கயே கீது. நரம்புல ரெண்டு முழம் காணோம். நேத்தே சொன்னேன்ல?"

எழிலனுக்குக் காது சூடானது. பூனையின் தாடைக்கு அடியில் கட்டைவிரலை அழுத்தி நாக்கை மேலே தள்ளினான். நாக்கின் வேரைச் சுற்றி, கண்ணாடி போல ஒரு மெல்லிய நூல் சதையை அறுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு முனையும் தொண்டைக்குள் போய்விட்டிருந்தன. வாந்தி எடுக்கும் பூனைக்கு முதலில் நாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். நூல் மேலே மாட்டிக்கொண்டு நிற்க, குடல் அதன் மேல் ஏறி ஏறிச் சுருங்கும். பிடித்து இழுத்தால் குடலை வாள் மாதிரி அறுத்துவிடும். ஏற்கெனவே அறுத்திருந்தால் சங்கரா பிழைப்பது கஷ்டம்.

அசோகன் மங்கைக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினான். இன்றைக்குத்தான் முற்றியது என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று அதற்கு அர்த்தம்.

எழிலன் பூனையின் வாயை மூடினான். "நேத்தே பாத்திருக்கணும்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் புரியல, தப்பு என்னுது. இப்ப வயித்தத் தொறந்துதான் எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் நானே கூட வரேன்."

மங்கை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அஞ்சு வருசம் இன்னாத்த படிச்ச நீ? நரம்புன்னா இன்னானு தெரியாது?"

"மாட்டு நரம்பு, குதிரை நரம்பு எல்லாம் படிச்சேம்மா."

"இந்த நரம்ப வுட்டுட்டாங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. கூடைக்குள் கைவிட்டுப் பூனையின் காதைத் தடவினாள். "அவ்ளோ தூரம் தாங்கமாட்டான். நீயே அறு. தப்புனு ஒத்துகினல்ல, இனிமே ஒயுங்கா பாப்ப."

மயக்க ஊசி போட்டு, நாக்கடியில் நூலை முதலில் வெட்டி விட்டான். பிறகு வயிறு. பாவாடை நாடாவை இழுத்துக் கட்டியது போலக் குடல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிக் கிடந்தது. விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். எங்கும் ஓட்டை விழவில்லை. அப்போதுதான் மூச்சை விட்டான். இரைப்பையில் ஒன்று, குடலில் இரண்டு என மூன்று இடத்தில் சின்னதாகக் கீறி, நூலைத் துண்டு துண்டாக வெட்டியே எடுத்தான். எதையும் இழுக்கவில்லை. அசோகன் ஈயைக்கூட விரட்டாமல் பூனையின் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றே முக்கால் மணி நேரம். குடலுக்குத் தானாகக் கரையும் நூலால் தையல், தோலுக்கு நைலான் தையல்.

"பூனை பொழச்சிச்சா?" வாசலில் இருந்தே கேட்டாள் மங்கை.

"மூணு நாலு நாள் தாண்டணும்மா. உள்ள போட்ட தையல் கசியலன்னா பொழச்ச மாதிரி."

அந்த நாட்களில் எழிலன் கிளினிக் பெஞ்சிலேயே சாப்பிட்டான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்த்தான். வயிறு உப்புகிறதா, கல்லாக இறுகுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் சங்கராவுக்கே அவன் கை பழகிவிட்டது. மங்கை தினமும் வியாபாரம் முடித்து வருவாள். வேகவைத்த மீனை முள் எடுத்து, விரல் நுனியில் வைத்து நீட்டுவாள். சங்கரா முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். "உனுக்கு ரொம்ப கொய்ப்புடா" என்று திட்டிவிட்டு, அந்த மீனை அசோகனிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அசோகன் அதை வீணாக்கியதில்லை.

நான்காம் நாள் அப்படி அசோகன் வாங்கப் போன மீனை, குறுக்கே வந்து அறைந்து பிடுங்கினான் சங்கரா. அசோகனின் மணிக்கட்டில் மூன்று கோடு. தின்று முடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான்.

"சூப்பர்வைசரு டூட்டில சேந்துட்டான்!" என்று மங்கை கத்திய கத்தலில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எழிலன் மறுபக்கம் திரும்பி, வேலையே இல்லாத குழாயடியில் வெகுநேரம் கை கழுவினான்.

பத்தாம் நாள் தோல் தையல் பிரிக்க அவளை வரச் சொல்லியிருந்தான். அன்றைக்கு அவளுக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் மார்க்கெட்காரர்கள், மங்கை அனுப்பி வைத்தவர்கள். முதலில் டில்லிபாபு என்ற வாட்டசாட்டமான ஆள், ஓர் ஆட்டைத் தூக்கி மேசை மேல் வைத்தான்.

"ஜல்பு சார். ஊசி போடு."

"ஜல்புன்னா? மூக்கு ஒழுகுதா, இருமுதா? எதச் சொல்றீங்க?"

"இன்னா சார் நீ? ஜல்புன்னா ஜல்புதான். ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே. நான் வெளியூர். என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களோ அதச் சொல்லுங்க."

டில்லிபாபு எரிச்சலோடு திரும்பிப் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தான். மடியில் கூடையை வைத்துக்கொண்டிருந்த மங்கை, அவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"கோச்சிக்காத தம்பி. இவரு எத்த சொன்னாலும் ரெண்டு தபா கேப்பாரு. வெவரமா பதில் சொல்லு, நாங்கல்லாம் குந்திகினு கீறோம்."

டில்லிபாபு பெருமூச்சு விட்டு, ஆடு எப்போதிலிருந்து தும்முகிறது, எந்த மூக்கில் சளி வருகிறது, நேற்று என்ன தின்றது என்று விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தான். எழிலன் கேட்டுக்கொண்டே ஆட்டின் வாயைத் திறந்தான்.