நிமிர்ந்துவிட்ட மினார்

ஜாம் மினாரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆப்கானிஸ்தானின் கோர் மலைகளுக்குள், இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் தனியாக நிற்கிறது. கோரி சுல்தான்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சுட்ட செங்கல்லால் கட்டியது. எண்கோண அடித்தளம், மேலே போகப் போகச் சிறுக்கும் உருளைகள், உள்ளே ஒன்றையொன்று சுற்றி ஏறும் இரண்டு படிக்கட்டுகள். வெளிச்சுவரில் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை முழுவதுமாகப் பின்னியிருக்கிறார்கள். அது வெற்றித் தூணா, தொலைந்துபோன தலைநகரின் பள்ளிவாசலுக்கு உரியதா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. நான் கட்டடப் பொறியாளர். மினார் சாய்ந்திருக்கிறது, ஆறு அதன் அடியை அரிக்கிறது. எனக்கு அது போதும்.

கரையில் கல் நிரப்பிய கம்பிக் கூடைகளை அடுக்கி அரிப்பைத் தடுக்க லண்டனில் ஒரு சிறிய அறக்கட்டளை உதவுகிறது. அவர்களுக்காக நான் ஓய்வு நேரத்தில் சாய்வை அளக்கிறேன், புகைப்படங்களை வைத்துத்தான். படமெடுப்பவர் மினாரின் அடியிலேயே குடிசை போட்டிருக்கும் காவலாளி. அவருடைய தம்பிக்கு லண்டனின் இல்ஃபோர்டில் கைபேசி பழுதுபார்க்கும் கடை. படங்கள் அவர் வழியாக வரும்.

இந்த வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்த பிறகு, கூடைகளை இப்போதே அனுப்புவதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். தம்பியும் வந்திருந்தார். புதுப் படங்களைத் திரையில் காட்டும் பொறுப்பை என் அலுவலகத் தோழி ஏற்றிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், எங்கள் விளம்பரப் படங்களையெல்லாம் திருத்துபவள்.

திரையில் மினார் குத்துக்கோடு போல நின்றது. அறக்கட்டளைத் தலைவருக்கு வாயெல்லாம் பல். அவசரமில்லை, தள்ளிவைக்கலாம் என்றார். தம்பியின் முகம் சுருங்கியது. எனக்கு எரிச்சல் வந்தது. நூற்றாண்டுகளாகச் சாய்ந்து நின்ற கட்டடம் ஒரு குளிர்காலத்தில் நிமிர்ந்துவிடுமா?

“படத்தை என்னம்மா செஞ்சீங்க?” என்று தமிழில் கேட்டேன்.

“ஒண்டும் செய்யேல்லை அண்ணை. கோணலாக் கிடந்தது, வழமையாச் செய்யிற மாதிரி நிமித்திவிட்டனான்.”

அவளைக் குறை சொல்ல முடியாது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் எந்தக் கட்டடமும் சாய்ந்துதான் தெரியும். அதனால் எங்கள் அலுவலகத்தில் சாய்ந்த சுவரோடு ஒரு படமும் வெளியே போவதில்லை. பொத்தானை ஒருமுறை தட்டினால் சுவர்கள் நேராகிவிடும், கோணிய ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். கை பழகிய வேலை.

“ஐயோ, ஒறிஜினல் கிடக்கு. பொறுங்கோ, எடுக்கிறன்.”

மூலப்படம் திரைக்கு வந்தது. மினார் சாய்ந்தது. வெட்டுப்பட்ட ஓரமும் திரும்ப வந்தது. அதில், மினார் சாயும் பக்கத்திலேயே, ஒரு குடிசை.

“அண்ணனுடைய வீடு” என்றார் தம்பி.

அதற்குமேல் யாரும் தள்ளிவைப்பதைப் பற்றிப் பேசவில்லை. கூடைகளை உடனே அனுப்ப முடிவானது. தம்பி அங்கிருந்தே அண்ணனை அழைத்து, அதுவரை வேறு இடத்துக்குப் போகச் சொன்னார். நெடுநேரம் கெஞ்சினார். அண்ணன் மறுத்துவிட்டாராம். மினாரை விட்டு நகர மாட்டாராம்.

கிளம்பும்போது தம்பி எங்களிடம் வந்தார். அம்மா இங்கே தன்னோடுதான் இருக்கிறாள், வரும் படத்தையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்ப்பாள் என்றார். நிமிர்த்திய படத்தைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். அது பொய்ப் படம் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொன்னால் தோழி கேட்கவா போகிறாள்?

“ஓம், அவருக்கு இப்பவே அனுப்புறன் அண்ணை” என்று என்னிடம் சொல்லிவிட்டு அனுப்பினாள்.

அவர் கைபேசியில் அதைத் திறந்து, விரல்களால் பெரிதாக்கி, ஓரத்தில் குடிசை தெரியவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார்.