பேருந்தில் எடுத்த படம்

காந்திபுரத்தில் ஏறி வேலைக்குப் போகும்போது, பேருந்தில் பின்னால் நின்றவர் என் இடுப்பைத் தடவினார். திரும்பி அவர் முகத்தைச் செல்போனில் படமெடுத்து, நடந்ததை எழுதி முகநூலில் போட்டேன். மதியத்துக்குள் ஏகப்பட்ட பேர் பகிர்ந்திருந்தார்கள். சாயங்காலம் மெசஞ்சரில் முன்பின் தெரியாத ஒரு பெண் அழைத்தார்.

“அது எங்க ஊட்டுக்காரருங்க, அம்மணி. படத்த அழிச்சுப்போடுங்க. பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு புள்ள அழுகுதுங்க.”

“அவர் செஞ்சது தப்புதானுங்களே?”

“தப்புதானுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க.”

படத்தை நீக்கினேன், எழுதியதை நீக்கவில்லை. மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அவரை வரவழைத்து வழக்குப் பதிந்தார்கள். ஆனால் மற்றவர்கள் சேமித்து வைத்திருந்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேயிருந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.