கரிக்குது

எனக்குக் கோணல் எழுத்து, ஞாபகமும் தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்திக்கு ‘க’ வராது, ‘த’தான் வரும். பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் நேற்று அவளை அண்ணாந்து தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னார். அந்தக் களகள சத்தத்தில் நான் சின்னப் பிள்ளையாகி எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் ஏரியில் நின்றேன்.

எனக்கும் அப்போது ‘க’ வராது. வகுப்பு சிரிக்கும் என்று வாயே திறக்க மாட்டேன். பேசாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று நைனா நிறுத்தப் பார்த்தார்.

ஒருநாள் அம்மாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். அக்கா, “நம்ம ஊரு பேரு இன்னாடி, தோட்டைத்துப்பமா?” என்று வம்புக்கிழுத்தாள். அவளை அடிக்கப் பாய்ந்து, சேற்றில் வழுக்கி முழுகினேன். உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. காறிக் காறித் துப்பி அலறினேன்: “கரிக்குதும்மா!”

அம்மா பிடித்த இறாலை நழுவவிட்டாள். “இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு!”

“கரிக்குது! கரிக்குது!”

கரை ஏறியும் “கோட்டைக்குப்பம்! கோட்டைக்குப்பம்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த நைனா சிரித்துவிட்டார். “ஊரு எங்கியும் ஓடிடாது. நாளைக்கு இஸ்கூல்ல போய்க் கத்துடி.”

அப்போது எனக்கு வயது ஆறா, ஏழா? யாராவது அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். நானாக வழுக்கினேனா, அவள் தள்ளிவிட்டாளா என்பதையும்தான்.